பெரட்டுக்கு வராத சேவல்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். உபயோகமாக இருக்க வேண்டும், நான்கு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். நான் ஓய்வு பெற்று நான்கு ஆண்டும் ஐந்து மாதமும் ஆகின்றன. அதற்கு முன் முப்பத்து மூன்று ஆண்டுகள் கால்நடை உதவியாளராக இருந்தேன். பழைய கோழிகளோடு புதிய கோழிகளைச் சேர்ப்பது எப்படி என்பதற்கு மட்டும் என் நோட்டுப் புத்தகங்களில் பதினேழு பக்கம் இருக்கிறது. அந்தப் பதினேழு பக்கத்தை இங்கே எழுதப் போவதில்லை. உங்கள் கையேட்டில் அது இருக்கிறது, சரியாகவும் இருக்கிறது. எல்லாம் சரியாகத் தெரிந்த பிறகும் சாஆ என்ற ஊரில் ஒரு வீட்டில் நான் செய்ததைத்தான் எழுதுகிறேன். படித்து முடித்ததும் உங்களுக்குத் தைரியம் வராது. எனக்கும் வரவில்லை.

எதைப் பார்த்தாலும் எண்ணுகிற பழக்கம் எனக்கு உண்டு. வாசல்படி, மின்கம்பம், எதிரே வரும் பனைக்குலை லோரி எல்லாவற்றையும் எண்ணுவேன். என் மனைவிக்கு இது பிடிக்காது. கோயிலுக்குப் போனால் சாமியைப் பார்க்காமல் விளக்கை எண்ணுகிறேன் என்பார். இந்தத் தொழிலுக்கு இது நல்ல பழக்கம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கோழி வளர்ப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு என்று உத்தேசமாகச் சொல்வார்கள். நான் போய்ப் பதினொன்று என்று திருத்துவேன். என் அறிக்கைகளில் எண்ணிக்கை தப்பியதில்லை என்று மேலதிகாரிகள் சொல்வதுண்டு.

அந்த வீட்டுக்காரி பெயர் அஞ்சலை. அப்போது அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. கணவர் காளிமுத்து எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். சர்க்கரை வியாதியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அஞ்சலை அப்போது யோங் பெங் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் பேருந்தில் போய்வந்து கொண்டிருந்தார். ஒருநாள் காளிமுத்து குளியலறையில் விழுந்து, அவர் வேலை முடிந்து திரும்பும் வரை ஒன்பது மணி நேரம் ஈரத் தரையில் கிடந்திருக்கிறார். மறுநாளே அஞ்சலை வேலையை விட்டுவிட்டார். வீட்டுக்குப் பின்னால், செம்பனை வரிசை தொடங்கும் இடத்தில் கம்பத்துக் கோழிகளை, அதாவது நாட்டுக்கோழிகளை, வளர்க்க ஆரம்பித்தார். இரண்டு நாசி லெமாக் சோற்றுக் கடைகளும் ஒரு மளிகைக் கடையும் அவரிடம் முட்டை எடுத்தன. அந்தக் கோழிகள் இருக்கும் வரை அவர் வீட்டைவிட்டுப் போக வேண்டியதில்லை. இதை முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். ஆகவே அங்கே என்ன பணயத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

அவரிடம் பத்தொன்பது கோழிகள் இருந்தன. பாதிக்கு வயதாகி முட்டை குறைந்துவிட்டது. ஆறு இளம் பெட்டைகளை வாங்கி நேரே பழையவற்றின் நடுவே விட்டிருக்கிறார். ஒரே மணி நேரத்தில் பழைய கோழிகள் அந்த ஆறையும் மூலைக்கு விரட்டிக் கொத்தின. ஒன்றுக்குத் தலையில் தோல் உரிந்துவிட்டது. எனக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

நான் போனபோது காளிமுத்து பின்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் விரலை நீட்டிக் கோழிகளை எண்ணுவதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பெரட்டு, பெரட்டு! எல்லாரும் வரிசையா நில்லுங்கடி. கிராணியாரு பேரு போட வந்துட்டாரு.”

தோட்டத்தில் வளராதவர்களுக்காகச் சொல்கிறேன். விடியலில் வேலையாட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் பதிவதுதான் பெரட்டு. பதிகிறவர் கிராணி. பதியும் புத்தகம் செக்ரோல். அதில் பெயர் இல்லாதவனுக்கு அன்று வேலையும் இல்லை, ஆள் கணக்கிலும் அவன் இல்லை. என் அப்பா உண்மையிலேயே ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவர், சிலோன்காரர். காளிமுத்துவுக்கு அது தெரியாது. என் விரல் போன போக்கைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். நான் சங்கடப்பட்டுக்கொண்டே சிரித்தேன்.

புதிய ஆறையும் தனியாகப் பிரித்து, முற்றத்தின் மறு கோடியில் கம்பிவலைக்குள் வைக்கச் சொன்னேன். வலையை நானே கட்டிக் கொடுத்தேன். வேறு தண்ணீர்த் தொட்டி, வேறு தீனிப் பாத்திரம். பதினான்கு நாள் நோய் எதுவும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும் என்றேன். அஞ்சலை நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்து வந்தார். நான் சொன்னதில் ஒன்றையும் அவர் தவறவிடவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினான்காம் நாள் போய் எண்ணினேன். பழையது பத்தொன்பது, புதியது ஆறு, ஆக இருபத்தைந்து. எல்லாம் நலம். வேறு கோழி ஏதும் இருக்கிறதா என்று நான் கேட்கத்தான் செய்தேன். கேட்டது இப்படி: “உங்க கோழி அவ்வளவுதானே?” அவ்வளவுதான் என்றார் அஞ்சலை. அந்த நேரம் பார்த்து வீட்டுக்கு அப்பாலிருந்து ஒரு சேவல் கூவியது. காளிமுத்து என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

“அவரு பெரட்டுக்கு வர மாட்டாரு, கிராணியாரே. அவரு பேரு செக்ரோல்ல இல்ல.”

பக்கத்து வீட்டுச் சேவலைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். சிரித்தேன். இருபத்தைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பொழுது சாயும் நேரத்தில் வலையைப் பிரித்தோம். கோழிகள் கூண்டுக்குப் போகும் வேளை அது, சண்டைக்குத் தெம்பிருக்காது. புதியவை பயந்தால் ஒதுங்கிக் குடிக்கட்டும் என்று அவற்றின் தண்ணீர்த் தொட்டியை முற்றத்தின் பின்பக்கம், வலை இருந்த இடத்திலேயே விட்டுவைக்கச் சொன்னேன். மறுநாள் இரண்டு மூன்று கொத்துகளோடு எல்லாம் அடங்கிவிட்டது. நான் படம் எடுத்து அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பதினொரு பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

ஒன்பது நாள் கழித்துக் காலையில் அஞ்சலை அழைத்தார். மூன்று பழைய கோழிகள் செத்துக் கிடப்பதாகச் சொன்னார். நான் போய்ச் சேர்வதற்குள் நான்காவதும் போய்விட்டது. கொண்டை நீலம் பாரித்து, பச்சையாகக் கழிந்து கிடந்தன, முந்தின நாள் மாலை வரை மேய்ந்து கொண்டிருந்தவை. இன்னும் இரண்டு சிறகைத் தொங்கவிட்டு நின்றன.

இந்த மாதிரி நேரம் உங்களுக்கும் வரும். கையில் பரிசோதனை முடிவு இருக்காது, அது வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஒரு பெண் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். மேலதிகாரியை அழைத்தேன். அங்கே நிற்பது நீதான், நீயே முடிவு செய் என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் மேல் குற்றமில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

வேறு ஏதாவது புதிதாக வாங்கினீர்களா என்று அஞ்சலையிடம் கேட்டேன். தான் வாங்கியது இந்த ஆறுதான் என்றார். அப்படியானால் நோய் இந்த ஆறோடுதான் வந்திருக்க வேண்டும். தங்களுக்கு ஒன்றும் ஆகாமல் நோயைப் பிறவற்றுக்குக் கொடுக்கும் கோழிகள் உண்டு, படித்திருக்கிறேன், பார்த்தும் இருக்கிறேன். அந்த ஆறையும் உடனே கொன்று சோதனைக்கு அனுப்ப வேண்டும், பழையவற்றில் எஞ்சியதையாவது காப்பாற்றலாம் என்றேன். உயிர் வாங்கச் சட்டம் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அது என் ஆலோசனை. ஆனால் சீருடை போட்டவன் சொல்லும் ஆலோசனையை அஞ்சலை போன்றவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

அவர் ஒரு பெட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

“ஒரு நாளு பாக்கலாமா சார்? இதுங்க நல்லா தின்னுதுங்க. சீக்கு புடிச்சது இப்படித் தின்னுமா?”

“வந்தது இதுங்கதாம்மா. வேற எங்கேருந்து வரும்?”

அவர் கையில் இருந்ததை என்னிடம் நீட்டினார். ஆறையும் நானே கொன்றேன். ஆறும் சூடாக, கனமாக, நல்ல சதையோடு இருந்தன. இரண்டுக்கு உள்ளே முட்டை இருந்தது கையில் தெரிந்தது. தொட்டிகளைத் தேய்த்துக் கழுவி, தண்ணீரில் மருந்து கலந்து கொடுத்துவிட்டு, செத்த நான்கையும் கொன்ற ஆறையும் சோதனைக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். வழியில் எத்தனை லோரி எதிரே வந்தது என்று அன்று மட்டும் எனக்குத் தெரியாது.

மருந்து கொடுத்த நாட்களில் சாவு நின்றது. நிறுத்தியதும் திரும்ப வந்தது. எட்டு நாட்களில் ஒன்பது போயின. ஒன்பதாம் நாள் சோதனைச் சாலையிலிருந்து பதில் வந்தது. செத்த பழைய கோழிகளில் கோழிக் காலரா. நான் கொன்ற ஆறிலும் ஒன்றுமே இல்லை. இதைவிட ஆரோக்கியமான கோழிகளை அண்மையில் அறுத்துப் பார்த்ததில்லை என்று அங்கிருந்த பெண் தொலைபேசியில் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அன்றே போனேன். அஞ்சலை முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். மீதி ஆறு கோழிகள் நின்றன. நான் பேச வாயெடுக்கும்போது வீட்டின் முன்பக்கத்திலிருந்து ஒரு பெரிய சிவப்புச் சேவல் நிதானமாக நடந்து வந்தது. நேரே பழைய கோழிகளின் தொட்டிக்குப் போய்த் தண்ணீர் குடித்தது. காலில் மஞ்சள் கயிறு. அலகுக்குக் கீழே தொங்கும் தாடியில் ஒரு பக்கம் வீங்கி, சுண்டைக்காய் அளவுக்குத் திரண்டு இருந்தது. எப்போதோ இந்த நோய் வந்து தேறிய சேவலின் அடையாளம் அது. தேறிய பிறகும் அது நோயைச் சாகும் வரை சுமக்கும்.

“இது யாரோடதும்மா?”

“அது நம்மளது இல்ல சார். முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டது.”

“எப்ப வந்துச்சு?”

“நீங்க கம்பி கட்டிக் குடுத்துட்டுப் போனீங்கல்ல, அதுக்கு அடுத்த வாரம். இவரு தம்பி பெக்கோக்லேருந்து கொண்டாந்து விட்டாரு. இவரு காலுக்காக.”

“ரெண்டு தடவ கேட்டேனேம்மா, வேற கோழி இருக்கான்னு.”

“நீங்க எங்க கோழியத்தானே சார் கேட்டீங்க.”

அவர் குரலில் எதிர்ப்பே இல்லை. நான் எதைக் கேட்கிறேன் என்று அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. சாமிக்கு நேர்ந்த சேவலை அவர்கள் தங்கள் கோழிக் கணக்கில் சேர்ப்பதில்லை. தன்னுடையது என்று வாயால் சொல்வதே நேர்ச்சைக்குப் பங்கம். அதை அடைப்பதும் இல்லை, கட்டுவதும் இல்லை. விட்டதால்தான் அது நேர்ந்துவிட்டது. எங்கள் வீட்டில் இந்த வழக்கம் கிடையாது. முப்பது ஆண்டுகளாகத் தோட்டத்து ஆட்களின் வாசலில் நின்று கோழி எண்ணியும் இதை நான் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. அவர்கள் முற்றத்தைத்தான் எண்ணினேன். அவர்கள் எப்படி எண்ணுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

நாற்காலியிலிருந்து காளிமுத்து மெதுவாகச் சொன்னார்: “நான் சொன்னேனே, கிராணியாரே.”

பழையவை முற்றத்தின் முன்பக்கத் தொட்டியில் குடித்தன, சேவலும் அங்கேதான் குடித்தது. புதிய ஆறும் கொத்துக்குப் பயந்து, நான் விட்டுவைக்கச் சொன்ன பின்பக்கத் தொட்டியோடு நின்றுவிட்டன. அதனால்தான் அவற்றுக்கு ஒன்றும் வரவில்லை. ஒரு வகையில் அவற்றைக் காப்பாற்றி வைத்ததும் நான்தான்.

சேவலைக் கொல்ல வேண்டும் என்று சொன்னேன். இம்முறை என் கையில் தாள் இருந்தது, காரணம் இருந்தது, எதிரே சேவலின் வீங்கிய தாடி இருந்தது. அஞ்சலை துடைப்பத்தைப் போட்டுவிட்டு எனக்கும் சேவலுக்கும் நடுவே வந்து நின்றார். காளிமுத்துவின் வலது காலில் பெருவிரல் புண் ஆறாமல் கறுத்துக்கொண்டு வந்தது, மருத்துவமனையில் தேதி கொடுத்திருந்தார்கள்.

“அத மட்டும் தொடாதீங்க சார். இன்னும் ஒரு காலுதான் இருக்கு.”

நான் தொடவில்லை. பூசாரியைக் கேட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை முடிவு செய்யலாம் என்றார். அன்று செவ்வாய். சரி என்றேன். அதை மரியாதை என்று அப்போது நினைத்துக்கொண்டேன், மனிதர்களின் நம்பிக்கையில் கை வைக்கக் கூடாது என்று. பிறகு யோசித்தால் அது பயம். ஒரு வாரத்துக்கு முன் அவசரப்பட்டு ஆறைக் கொன்ற கை, இப்போது ஒன்றைக் கொல்ல எழவில்லை. ஆதாரம் இல்லாத நாளில் ஒரு மணி நேரத்தில் முடிவெடுத்தேன். ஆதாரம் கையில் இருந்த நாளில் மூன்று நாள் தவணை கொடுத்தேன். முதல் தவறிலிருந்து கற்றுக்கொண்டதைத்தான் இரண்டாவது இடத்தில் செய்தேன். அனுபவம் பாடம் கற்பிக்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சேவலை அடைக்கக் கூடாது என்பதால் அஞ்சலை ஆறு கோழிகளையும் கூண்டுக்குள் அடைத்தார். சேவல் கூண்டின் கூரை மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. அதன் எச்சம் கம்பி வழியே உள்ளே விழுந்தது. வெள்ளிக்கிழமை பூசாரி, நோயுள்ளதைச் சாமி ஏற்காது, வேறு சேவல் நேர்ந்துகொள்ளலாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். செவ்வாயன்று நானே நேரில் போய்க் கேட்டிருந்தால் செவ்வாயன்றே சொல்லியிருப்பார். அவர் வீடு எண்ணூறு அடி தூரம். சேவலைப் புதைத்தோம். அதற்குள் கூண்டில் நான்கு செத்திருந்தன. மற்ற இரண்டும் ஞாயிற்றுக்கிழமை போயின. செவ்வாயன்றே சேவலைக் கொன்றிருந்தால் அவை பிழைத்திருக்குமா? எனக்குத் தெரியாது. தெரியாது என்பது எனக்கு ஆறுதலாக இல்லை.

அதற்குப் பிறகு கோழி வளர்ப்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தேன். சாமிக்கு விட்டது இருக்கிறதா, விருந்தாளி கொண்டுவந்தது, குழந்தை விளையாடுவது, பக்கத்து வீட்டிலிருந்து மேய வருவது, விற்றுவிட்டு இன்னும் கொடுக்காமல் இருப்பது என்று நீளும். ஓய்வு பெறும்போது நாற்பத்து மூன்று கேள்விகள் இருந்தன. உங்கள் அலுவலகத்தில் அதன் பிரதி இருக்கிறது, பயன்படுத்துங்கள். கேள்வியில் ‘உங்க’ என்ற சொல்லைப் போடாதீர்கள். ஆனால் நாற்பத்து நான்காவது கேள்வி ஏதோ ஒரு வாசலில் உங்களுக்காக நிற்கிறது. அது என்ன என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியப் போவதில்லை, ஏதாவது சாகும் வரை.

அந்த மண்ணில் மூன்று மாதத்துக்குக் கோழி விடக் கூடாது. சுண்ணாம்பு போடுவதற்காகக் கடைசியாக ஒருமுறை போனேன். காளிமுத்துவின் நாற்காலியை வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சுவரோரமாகப் போட்டிருந்தார்கள். கை எட்டும் உயரத்தில் ஒரு பலகையில் சுடுதண்ணீர்ப் போத்தல், பிஸ்கட் டின், மருந்து, சிறுநீருக்கு ஒரு பாட்டில். கைத்தொலைபேசியை விழாமல் இருக்க நாற்காலிக் கையில் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கிண்டல் எதுவும் செய்யவில்லை.

அஞ்சலை ஒரு படிவத்தைக் கொண்டுவந்தார். மறுபடியும் அதே யோங் பெங் தொழிற்சாலை. விடியலில் பேருந்து வந்து ஏற்றிக்கொண்டு போகும், இருட்டும் நேரத்தில் கொண்டுவந்து விடும். படிவம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. நீங்க எழுதிக் குடுங்க சார், நீங்க படிச்சவங்க என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்திருக்கும்.

பெயர், வயது, முகவரி எழுதினேன். அண்மை ஆண்டுகளில் செய்த வேலை என்ற இடத்தில் கோழி வளர்ப்பு, பதினோரு ஆண்டு என்று எழுதினேன். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் தாளின் மேல் கையை வைத்தார்.

“அத எழுதாதீங்க சார். கோழியெல்லாம் என்னா ஆச்சுன்னு கேப்பாங்க. நான் என்னா சொல்றது?”

அந்த வரியை அடித்துவிட்டு, வேலை எதுவும் செய்யவில்லை என்று மலாயில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.